காட்டின் அமைதியும் ஆகாய வழியும்

புனே நகரிலிருந்து வடக்கு நோக்கிச் சுமார் 110 கிலோமீட்டர் சென்றால் பீமாசங்கர் என்னும் திருத்தலத்தை அடையலாம். பன்னிரண்டு ஜோதிர்லிங்கத் தலங்களுள் ஒன்றாகப் போற்றப்படும் இவ்விடத்தில்தான் பீமா நதி பிறக்கிறது. கோயிலைச் சூழ்ந்து நிற்கும் சஹ்யாத்திரிக் காடு 1985-ஆம் ஆண்டில் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பெற்றது. மராத்தியர் ‘ஷேக்ரு’ என்று அழைக்கும் பெரிய மலை அணில் இங்கே மர உச்சிகளில் கூடு கட்டி வாழ்கிறது. அதுவே மகாராஷ்டிர மாநிலத்தின் விலங்கு. மழை ஓய்ந்த மாதங்களில் இக்காட்டுக்குள் சிறிது தூரம் நடந்து சென்று நின்றால், இலைகளிலிருந்து நீர்த்துளி சொட்டும் ஓசைகூடச் செவியில் விழும். அந்த அமைதியைத் தேடியே புனேவாசிகள் பலர் அங்கே செல்கின்றனர். நம் தமிழரும் செல்கின்றனர்.

இத்தகைய சரணாலயம் ஒவ்வொன்றுக்கும் எல்லை உண்டு. அரசு அறிவிக்கையில் கிராமங்களின் பெயர்களும் நில அளவை எண்களும் வரிசையாகக் குறிக்கப்பட்டிருக்கும். அந்த எல்லைக்குள் வேட்டையாடலாகாது, தீ மூட்டலாகாது, அனுமதியின்றி நுழையலாகாது. ஆனால் இந்த எல்லைகள் யாவும் மண்மேல் வரைந்தவை. மர உச்சிக்கு மேலே உள்ள வெளி யாருக்கு உரியது? கீழே மனிதன் உரக்கப் பேசுவதையே தவறென்று கருதும் நாம், மேலே இரைந்து செல்லும் விமானத்தை எந்த விதியால் அளப்பது? கடந்த முக்கால் நூற்றாண்டாக உலகின் பல பாகங்களில் எழுந்த கேள்வி இது. அதற்குக் கிடைத்த விடைகளின் வரலாற்றை ஒருவாறு நினைவுகூர்வது, இன்று புதிய விமான நிலையங்களின் நடுவே வாழும் புனேவாசிகளுக்குப் பயன்படும்.

காட்டில் அமைதி காக்கவேண்டும் என்ற எண்ணம் நமக்குப் புதியதன்று. மகாராஷ்டிரத்தில் ‘தேவராயி’ எனப்படும் தெய்வக் காடுகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. 1970-களில் மாதவ் காட்கில், வா. த. வர்த்தக் என்னும் அறிஞர் இருவர் மேற்குத் தொடர்ச்சி மலையில் இவற்றை நேரில் ஆராய்ந்து எழுதினர். கிராமத்தார் கோடரி படாமல் காத்த இச்சிறு காடுகளில், வேறெங்கும் அழிந்துபோன மரங்களும் கொடிகளும் பிழைத்திருந்ததை அவர்கள் உலகுக்கு எடுத்துக்காட்டினர். நம் ஊர்ப்புறங்களில் அய்யனாருக்கும் அம்மனுக்கும் விடப்பட்ட கோயில்காடுகளை அறிந்தவர்களுக்கு இது வியப்பளிக்காது.

பறவைகளின் பொருட்டு ஓசையையே அடக்கிய ஊர்களும் நம்மிடம் உண்டு. செங்கற்பட்டுப் பகுதியைச் சேர்ந்த வேடந்தாங்கலில் ஏரிக்கு வந்து தங்கும் பறவைகளைச் சிப்பாய்கள் சுட்டபோது, ஊரார் கலெக்டரிடம் முறையிட்டனர். பறவைகளைக் காக்கும் உரிமையை 1798-ஆம் ஆண்டில் எழுத்துமூலம் பெற்றனர் என்பர். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் தங்கள் வயல்களுக்கு உரமாகும் என்பதை அவ்வுழவர் அறிந்திருந்தனர். சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுகுடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி மக்களோ இன்னும் ஒருபடி மேலே சென்றவர்கள். அவர்களுடைய கண்மாய்கள் 1977-ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாயின. கூடு கட்டிய பறவைகள் அஞ்சிப் பறந்துவிடக் கூடாது என்று அவ்வூரார் பல தலைமுறையாகத் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. பண்டிகை நாளில் குழந்தையின் கையிலிருந்து பட்டாசை வாங்கி வைப்பது எளிய செயலா? அமைதி என்பது தானாக வருவதன்று. யாரேனும் ஒருவர் ஏதேனும் ஒன்றை விட்டுக்கொடுத்தே அது நிலைபெறுகிறது என்பதற்கு இவ்வூர்கள் சான்று.

ஆனால் விமான ஓசை, வெடியோசையைப் போன்றதன்று. ஓசையை டெசிபெல் என்னும் அலகால் அளக்கின்றனர். 10 டெசிபெல் கூடினால் ஒலியின் ஆற்றல் 10 மடங்காகிறது. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும்போது சுமார் 6 டெசிபெல் குறைகிறது. எனவே 150 மீட்டர் உயரத்தில் பறக்கும் ஹெலிகாப்டர் 600 மீட்டர் உயரத்துக்குச் சென்றால், நேர் கீழே நிற்பவர்க்கு ஏறத்தாழ 12 டெசிபெல் குறையும். சாலையில் எழும் ஓசையைக் குன்றும் மரமும் ஓரளவு தடுக்கும். வானிலிருந்து இறங்கும் ஓசையைத் தடுப்பது ஏதும் இல்லை. ஆழ்ந்த பள்ளத்தாக்கிலோ இருபுறத்துப் பாறைகளும் அதை எதிரொலித்து நீட்டுகின்றன. மேலும், நாம் வழக்கமாகக் கையாளும் அளவுமுறை மனிதச் செவியின் இயல்புக்கேற்பத் திருத்தப்பட்டது. விலங்கின் செவி நம் செவியன்று. ஸ்பெயினிலும் ஜெர்மனியிலும் விமான நிலையங்களுக்கு அருகே வாழும் சில பறவைகள், காலையில் விமானங்கள் புறப்படத் தொடங்குமுன் பாடி முடிக்கும் பொருட்டு வழக்கத்தினும் முன்னதாகவே பாடத் தொடங்குவதை ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். பாட்டு என்பது பறவைக்குப் பொழுதுபோக்கன்று. துணையை அழைப்பதும் எல்லையைக் காப்பதும் அதனால்தான் என்பதை நினைவிற்கொண்டால் இதன் பொருள் விளங்கும்.

வானத்தில் முதன்முதலாக அமைதியின் பொருட்டுக் கோடு கிழித்த வரலாறு அமெரிக்க நாட்டின் மின்னசோட்டா மாநிலத்தில் தொடங்குகிறது. கனடா எல்லையை ஒட்டிய சுப்பீரியர் தேசியக் காட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகள் உள்ளன. துடுப்புப் படகில் சென்று, படகைத் தோளில் சுமந்து அடுத்த ஏரியை அடைவதே அங்கு வழக்கம். இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் நீரில் இறங்கும் சிறு விமானங்கள் பெருகின. மூன்று நாள் துடுப்பு வலித்துச் சென்றடையும் ஏரிக்கு மீன்பிடிக்க விரும்பும் செல்வர்கள் அரைமணி நேரத்தில் சென்று இறங்கினர். படகு வழிகாட்டியாகவும் எழுத்தாளராகவும் விளங்கிய சிகர்டு ஓல்சன் முதலானோர் இதை எதிர்த்து மக்களிடையே கருத்தைத் திரட்டினர். 1949-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் குடியரசுத் தலைவர் ட்ரூமன் ஓர் ஆணை பிறப்பித்தார். அக்காட்டின் சாலையற்ற பகுதிகளின்மேல் கடல் மட்டத்திலிருந்து 4,000 அடிக்குக் கீழே விமானம் பறக்கலாகாது என்பதே அதன் சாரம். அவசரத் தேவைக்கும் அரசுப் பணிக்கும் விலக்கு உண்டு. காட்டினுள் விடுதி நடத்தியவர்களுக்குச் சிறிது காலம் அவகாசம் தரப்பட்டது. அவர்கள் நீதிமன்றம் சென்றும் ஆணை நிலைத்தது.

இந்த ஆணையில் நாம் குறித்துக்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. அது பெரும் விபத்துக்குப் பின் வந்ததன்று. சிறு விமானத் தொழில் அவ்விடத்தில் வேரூன்றத் தொடங்கிய சில ஆண்டுகளுக்குள்ளேயே வந்தது. இழந்தவர் சிலர், அவர்களையும் எண்ணி அறிய முடிந்தது. அதனால் விதியும் எளியதாயிற்று.

காலங்கடந்து கோடு கிழித்தால் நேர்வது யாது என்பதை அதே நாட்டின் கிராண்ட் கான்யன் காட்டுகிறது. கொலராடோ நதி அரித்து உண்டாக்கிய அப்பெரும் பள்ளத்தாக்கு 1919-ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாயிற்று. 1920-களின் பிற்பகுதியிலேயே பயணிகளை விமானத்தில் ஏற்றிக் காட்சி காட்டும் தொழில் அங்கே தொடங்கிவிட்டது. அரை நூற்றாண்டுக்கு மேலாக அது தடையின்றி வளர்ந்தது. பள்ளத்தாக்கின் விளிம்புக்குக் கீழேயும் விமானங்கள் இறங்கிப் பறந்தன. 1986-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் காட்சி காட்டச் சென்ற விமானமும் ஹெலிகாப்டரும் வானில் மோதி 25 பேர் மாண்டனர். அடுத்த ஆண்டிலேயே தேசியப் பூங்காக்களின்மேல் பறத்தல் பற்றிய சட்டம் நிறைவேறியது. கிராண்ட் கான்யனில் ‘இயற்கை அமைதி’யைக் கணிசமாக மீட்டளிக்க வேண்டும் என்று அச்சட்டம் கட்டளையிட்டது. பறக்கக் கூடாத பகுதிகளும், பறந்தே ஆகவேண்டிய குறிப்பிட்ட வழிகளும் 1988-இல் வகுக்கப்பட்டன.

அதன்பின் தொடங்கியது சொற்போர். ‘கணிசமாக’ என்றால் எவ்வளவு? பூங்காவின் பாதிக்குக் குறையாத பரப்பில், பகற்பொழுதின் முக்காற்பங்கு நேரமாவது விமான ஓசை செவியில் விழாதிருக்க வேண்டும் என்று பூங்காத்துறை பொருள் கூறிற்று. விமானத் தொழிலார் அது மிகுதி என்றனர். இயற்கை ஆர்வலர் அது போதாது என்றனர். இரு சாராரும் வழக்காடினர். இதற்கிடையே பள்ளத்தாக்கின் மேற்குப் பகுதியில் வாழும் ஹுவாலப்பாய் பழங்குடியினர்க்குச் சுற்றுலா விமானங்களே பிழைப்பாகிவிட்டன. அவர்கள் பொருட்டு விலக்கு அளிக்க நேர்ந்தது. ஒரு தொழிலை வளரவிட்டு, அதனால் பல குடும்பங்கள் உணவுண்ணத் தொடங்கியபின் அதைச் சுருக்குவது எவ்வளவு கடினம் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

இனி நம் நாட்டிற்கு வருவோம். 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமே சரணாலயங்களுக்கெல்லாம் அடித்தளம். ஆகாய வழியைப் பற்றித் தெளிவான சொல் பின்னரே எழுந்தது. 2011-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம், சரணாலயங்களைச் சூழ்ந்த பகுதிகளுக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அவற்றின் இணைப்பில் செயல்கள் ‘தடை செய்யத்தக்கவை’, ‘ஒழுங்குபடுத்தத்தக்கவை’, ‘அனுமதிக்கத்தக்கவை’ என மூவகையாகப் பிரிக்கப்பட்டன. சுற்றுலாவின் பொருட்டு விமானத்திலோ வெப்பக்காற்றுப் பலூனிலோ மேலே பறப்பது முதல் வகையில், அதாவது தடை செய்யத்தக்கவற்றுள் வைக்கப்பட்டது. பின்னர்த் தனித்தனிச் சரணாலயங்களுக்கென வெளிவந்த அறிவிக்கைகள் பலவற்றில் அதே செயல் இரண்டாம் வகைக்கு இடம் பெயர்ந்தது. அரசு ஆவணங்களை மொழிபெயர்க்கும் பணியில் உள்ள நமக்கு இம்மாற்றம் சட்டென்று கண்ணில் படுகிறது. தடை என்பது ஒரு சொல்லில் முடிவது. ஒழுங்குபடுத்தல் என்பதற்கோ அளப்பவர் வேண்டும், அளவு வேண்டும், மீறினால் கேட்பவர் வேண்டும். இவை இல்லாதவிடத்து அச்சொல் ஏட்டளவில் நின்றுவிடும்.

அவ்வாறு அளந்து பார்க்க முற்பட்ட இடம் கேதார்நாத். இமயத்தில் சுமார் 3,580 மீட்டர் உயரத்தில் உள்ள அத்திருத்தலத்தை ஒட்டிய காடு 1972-ஆம் ஆண்டில் சரணாலயமாயிற்று. கஸ்தூரி மானும், இமாலய வரையாடும், பலநிறம் காட்டும் மோனால் பறவையும் அங்கு வாழ்கின்றன. குப்தகாசி, பாட்டா முதலிய இடங்களிலிருந்து புறப்படும் ஹெலிகாப்டர்கள், மந்தாகினிப் பள்ளத்தாக்கு வழியாகச் சில நிமிடங்களில் பயணிகளைக் கோயிலருகே சேர்க்கின்றன. யாத்திரைக் காலத்தில் அவை இடைவிடாது போய்வருகின்றன. தாழப் பறக்கும் இவ்வூர்திகளால் விலங்குகள் மிரள்கின்றன என்ற முறையீடு தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் முன் வந்தது. டேராடூனில் உள்ள இந்திய வனவுயிர் நிறுவனத்தார் நேரில் ஆராய்ந்தனர். தரையிலிருந்து 600 மீட்டருக்குக் குறையாத உயரத்தில் பறக்கவேண்டும் என்ற வரம்பு ஏற்பட்டது. வனத்துறையார் உயரத்தையும் ஓசையையும் குறித்துவரத் தொடங்கினர். வரம்பு மீறப்படுகிறது என்ற புகாரும் பின்னர்ப் பலமுறை எழுந்தது.

விமானிகளை மட்டும் குறைகூறி இதை முடித்துவிட முடியாது. குறுகிய பள்ளத்தாக்கில் மேகம் திடீரெனக் கவிந்துகொள்ளும். 2022-ஆம் ஆண்டு அக்டோபரிலும் 2025-ஆம் ஆண்டு ஜூனிலும் கேதார்நாத் வழியில் ஹெலிகாப்டர் விழுந்து ஒவ்வொரு முறையும் 7 பேர் மாண்டனர். அத்தகைய வழியில் உயரத்தை மட்டும் கட்டளையிட்டால் போதாது. நாளொன்றுக்கு எத்தனை முறை பறக்கலாம் என்பதையும், எந்த மாதத்தில், எந்த வேளையில் பறக்கலாகாது என்பதையும் முன்கூட்டியே வகுத்தாக வேண்டும். பறத்தல் குறைந்தால் அமைதியும் பெருகும். விமானிக்கும் பொறுத்திருந்து புறப்பட இடமிருக்கும். மற்றொரு பக்கத்தையும் நாம் மறக்கலாகாது. கௌரிகுண்டத்திலிருந்து மலை ஏறுவது இளைஞர்க்கே கடினம். முதுமையில் கேதார தரிசனம் செய்ய விரும்பும் தாய்க்கு ஹெலிகாப்டரில் இடம் பிடித்துத் தந்த மகன் நம்மிடையிலும் இருக்கக்கூடும். அவன் செய்ததைத் தவறென்று யார் கூறுவார்? ஆனால் அந்தத் தாய்க்கு வேண்டிய இடத்தையும், நடக்க வல்லவர் நேரத்தை மிச்சப்படுத்தக் கேட்கும் இடத்தையும் ஒன்றாக எண்ணுவது முறையன்று. எண்ணிக்கைக்கு வரம்பிட்டு, அதில் முதியோர்க்கும் நோயாளிக்கும் முதலிடம் தருவதே நடுநிலையாகும்.

இப்போது மீண்டும் நம் புனேக்குத் திரும்புவோம். இந்நகரின் லோகேகாவ் விமானத்தளம் 1939-ஆம் ஆண்டில் போர்க்காலத் தேவைக்கென அமைந்தது. இன்றும் அது விமானப்படையின் தளமே. பயணிகள் விமானங்களும் அங்கிருந்தே செல்கின்றன. நகரம் அதைச் சூழ்ந்து வளர்ந்துவிட்டமையால், இனி அங்கு அமைதியைப் பற்றிப் பேசுவது பெரும்பாலும் காலங்கடந்த பேச்சே. ஆனால் மலைக்கு அப்பால் நிலைமை வேறு. நவி மும்பை விமான நிலையம் 2025-ஆம் ஆண்டு அக்டோபரில் திறந்துவைக்கப்பட்டு, டிசம்பர் மாதத்தில் பயணிகள் விமானங்கள் பறக்கத் தொடங்கின. பன்வேலுக்குத் தெற்கே, கட்டைவிரலைப் போல் எழுந்து நிற்கும் பாறைக்கோட்டையைச் சூழ்ந்து, 1968-ஆம் ஆண்டு முதல் கர்னாலா பறவைகள் சரணாலயம் இருந்துவருகிறது. அதன் பரப்பு சுமார் 12 சதுர கிலோமீட்டரே. நெடுஞ்சாலை ஏற்கெனவே அதன் ஊடே செல்கிறது. புனே மாவட்டத்திலோ புரந்தர் வட்டத்தில் ஒரு விமான நிலையம் அமைக்கும் திட்டம் பல ஆண்டுகளாக நடந்துவருகிறது. நிலத்தை இழக்கவேண்டிய உழவர்கள் அதை எதிர்த்துப் போராடி வந்துள்ளனர். அதே மாவட்டத்தில், மோர்காவ் விநாயகர் தலத்துக்கு அப்பால், சிங்காரா என்னும் சிறுமான்களுக்காக 1997-ஆம் ஆண்டில் அமைந்த மயூரேஷ்வர் சரணாலயம் உள்ளது. அது 5 சதுர கிலோமீட்டர் அளவே கொண்ட புல்வெளி.

விமான நிலையம் எழும்போது பறவைகளைப் பற்றிய பேச்சு எழாமல் இருப்பதில்லை; ஆனால் பெரும்பாலும் பறவை மோதி விமானத்துக்குத் தீங்கு நேருமே என்ற கவலையால் அப்பேச்சு எழுகிறது. விமானத்தால் பறவைக்கு நேர்வது என்ன என்பதும் உடன் கேட்கப்படவேண்டும். கேட்பதற்கு உரிய காலம் ஓடுபாதை அமையும் முன்னரே. இன்றைய அமைதி எவ்வளவு என்பதை இன்றே அளந்து எழுதிவைத்தாலன்றி, நாளை எவ்வளவு இழந்தோம் என்று கூற எவராலும் இயலாது. விமானங்கள் இறங்கும் வழியை வரைபடத்தில் சிறிது திருப்புவதற்கு ஒரு கோடு போதும். பழக்கமாகிவிட்ட வழியைத் திருப்புவதற்கு ஆண்டுக்கணக்கில் வழக்கு வேண்டும். மின்னசோட்டாவும் கிராண்ட் கான்யனும் நமக்குக் கூறும் பாடம் இதுவே.

நேயர்களே, ஊரை விட்டு வந்து பிற மாநிலங்களில் வாழும் நாம் விமானத்தை வெறுப்பதற்கில்லை. தீபாவளிக்கு இரண்டே நாள் விடுப்புக் கிடைக்கும்போது, புனேயிலிருந்து சென்னைக்குச் சென்று பெற்றோரைக் கண்டு திரும்ப உதவுவது அதுவே. ஓர் இரவும் பகலும் ரயிலில் கழித்த காலத்தை நம்மில் பலர் மறக்கவில்லை. ஆகவே வானத்தில் எழும் அந்த ஓசையில் நமக்கும் பங்குண்டு. பங்குள்ளவருக்குப் பொறுப்பும் உண்டு. காட்டின் மேலே காட்சி காட்டுகிறோம் என்று அழைப்பவரிடம் ‘வேண்டா’ என்று கூறலாம். புதிய விமான நிலையம் பற்றிப் பொதுமக்கள் கருத்துக் கேட்கும் நாளில் சென்று, விமான வழி சரணாலயத்தின்மேல் செல்கிறதா என்று ஒரு கேள்வி கேட்டு வரலாம். அதே தீபாவளி நாளில், கொள்ளுகுடிப்பட்டியில் விளக்கேற்றி இனிப்புண்டு, வெடி வெடிக்காமல் ஒரு கிராமம் பண்டிகை கொண்டாடுகிறது. கண்மாய் மரங்களில் பறவைகள் அஞ்சாமல் உறங்குகின்றன. அவ்வூர்க் குழந்தைகள் விட்டுக்கொடுத்ததில் ஒரு சிறு பகுதியையேனும், அவர்களினும் வசதி பெற்ற நாம் விட்டுக்கொடுக்கலாகாதா?